காரைக்குடியிலிருந்து படகு வீட்டுக்கு: நாய், பூனையோடு தண்ணீரில் குடியிருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கணவருக்கு ஆலப்புழையில் சில மாத வேலை. வாடகை வீடு பார்த்த இடத்தில் எல்லாம் "பட்டி உண்டோ?", அதாவது நாய் இருக்கிறதா என்று கேட்டார்கள். உண்டு என்றதும் கதவு மூடியது. கடைசியில், சவாரிக்கு விடுவதை நிறுத்திவிட்டுக் கரையோரம் கட்டிப்போட்டிருந்த பழைய படகு வீடு ஒன்று மாத வாடகைக்குக் கிடைத்தது. ஒரு நாட்டு நாய், ஒரு பூனை, நாங்கள் இரண்டு பேர். எங்கள் அனுபவத்தைக் கேட்டுவிட்டு ஊர்ப்பக்கத்திலிருந்து இன்னும் சில குடும்பங்கள் கிளம்பின. ஒரு வாரம் தங்கியவர்கள் உண்டு, மாதக் கணக்கில் இருந்தவர்களும் உண்டு. எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள்: வேலைகளைச் செய்தார்கள், வரிசை மாற்றிச் செய்தார்கள். அதனால் இதை வரிசைப்படியே எழுதுகிறேன். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. யாரை விட்டுவிட்டுப் போவது?

படகு பிடிக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது இது. முன்பணம் கொடுத்த பிறகு யோசித்தால் மனசு ஒப்பாது. ஒத்துவராத விலங்கையும் இழுத்துக்கொண்டு போவோம்.

நம் பக்கம் நிறைய வீடுகளில் இருப்பது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, இல்லாவிட்டால் நாட்டு நாய். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓட்டத்துக்குப் பிறந்தவை. உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் மிதக்கத் திணறும். ராஜபாளையத்தில் இன்னொரு சிக்கல், வெள்ளைக் குட்டிகளில் காது கேளாதவை இருக்கும். வீட்டில் அது பெரிதாகத் தெரியாது, கையசைத்தால் வந்துவிடும். படகில் நாய் விளிம்புக்குப் போகும்போது நம் கையில் இருப்பது குரல் ஒன்றுதான். அழைத்தால் திரும்பாத நாயை எந்த இனமானாலும் ஊரில் விட்டுவிடுங்கள்.

பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு நீச்சலும் வராது, அங்கத்திய புழுக்கமும் ஆகாது. லாப்ரடார் நன்றாக நீந்தும். ஆனால் விழாமல் பார்ப்பது போய், குதிக்காமல் பார்ப்பதே வேலையாகிவிடும். தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பத்து லாப்ரடார் முதல் நாளிலேயே மூன்று தடவை குதித்தது.

வயதான பூனை, சினைப் பூனை, வீட்டை விட்டே வெளியே வராத பூனை மூன்றும் வேண்டாம். ஒரு வாரத்துக்காகப் போகிறீர்கள் என்றால் எந்தப் பூனையும் வேண்டாம். பூனை ஒரு இடத்தை ஏற்றுக்கொள்ளவே ஒரு வாரம் ஆகும். ஏற்றுக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் மூட்டை கட்டுவீர்கள்.

2. ஆறு வாரம் முன்னால்: ஊசி

மற்ற வேலைகளை நெருக்கிப் பிடித்து முடிக்கலாம், இதை முடியாது. ஆலப்புழையைச் சுற்றி வயலும் நீருமாகக் கிடக்கும் குட்டநாட்டில் எலிக்காய்ச்சல் சாதாரணம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் அந்தக் கிருமி இருக்கும். காலில் ஒரு கீறல் போதும், உள்ளே போய்விடும். மழையில் வரப்பு மூழ்கினால் இன்னும் அதிகம்.

நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான பாகமும் இருக்கிறதா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எல்லாக் குப்பியிலும் அது இருக்காது. முதல் தடவை போடுவதானால் இரண்டு ஊசி, நடுவில் இரண்டு முதல் நான்கு வார இடைவெளி. இரண்டாவது ஊசிக்குப் பிறகும் உடம்பில் எதிர்ப்பு ஏற இரண்டு வாரம் போகும். ஆறு வாரக் கணக்கு அங்கிருந்து வருகிறது. பிறகு வருடம் ஒரு முறை.

வெறிநாய்க்கடி ஊசி நாய், பூனை இரண்டுக்கும் கட்டாயம். பூனைக்கு அதன் கூட்டு ஊசி தனி. கொசுவால் பரவும் இதயப் புழுவுக்கு மாதாமாதம் கொடுக்கும் மருந்து பற்றியும், உண்ணிக்கான மருந்து பற்றியும் அதே நாளில் பேசிவிடுங்கள். ஊசிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். எங்கள் புத்தகத்தின் அசல் இரண்டாவது வாரமே ஈரத்தில் ஊறிவிட்டது.

எலிக்காய்ச்சல் மனிதர்களுக்கும் வரும். காலில் புண்ணோடு அங்கே தண்ணீரில் இறங்காதீர்கள்.

3. வீட்டிலேயே பழக்க வேண்டியவை

செட்டிநாட்டு நாய் தண்ணீர் பார்த்திருக்காது என்று நான் சொன்னால் ஊருணி இருக்கிறதே என்பீர்கள். ஊருணியில் நாயை இறக்கவே இறக்காதீர்கள். பல ஊர்களில் குடிக்கிற தண்ணீர் இன்னும் அதுதான். குளிக்கும் ஊருணியாக இருந்தாலும் ஊரார் ஒப்பமாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. தண்ணீர் கிடக்கும் கண்மாய்க் கரைதான் சரியான இடம்.

அதற்கு முன்னால் வீட்டுக்குள் நடக்க வேண்டியவை:

முதலில் பலகை. கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு குறுகிய பலகை போட்டிருப்பார்கள். அது ஆடும். திண்ணையிலிருந்து தெருவுக்கு ஒரு முழ அகலப் பலகையைச் சாய்த்துப் போட்டு தினமும் நாலு தடவை நடத்துங்கள். ஒரு வாரம் ஆனதும் அடியில் ஒரு துண்டுக் கட்டையை வைத்து லேசாக ஆடவிடுங்கள். இதைச் செய்யாமல் வந்த நாய்களைப் பலகை நடுவில் தூக்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து கிலோ நாயைக் கையில் வைத்துக்கொண்டு ஆடும் பலகையில் நிற்கும் சுகத்தை நீங்கள் அனுபவிக்க வேண்டாம்.

அடுத்தது மிதவைச் சட்டை. முதுகில் கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரிலிருந்து தூக்குவது அந்தப் பிடியை வைத்துத்தான். சட்டையை முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போடுங்கள், பிறகு நடக்கும்போது, கடைசியாகக் கண்மாயில். நேராகத் தண்ணீரில் கொண்டுபோய் மாட்டினால் சட்டை என்றாலே பயம் என்று நாய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

மூன்றாவது சத்தம். ராத்திரி ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடும். ஏதாவது கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் ஓடும்போது தள்ளி நின்று நாய்க்குத் தின்பண்டம் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் பத்தடி நெருங்குங்கள். நம் ஊரில் ஆவணி, தையில் கல்யாண வீட்டுக்குப் பஞ்சமா என்ன?

பூனைக்கு ஒரே பாடம்தான், கூண்டு. பயணக் கூண்டைத் திறந்தபடி வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் ஒரு மாதம் போட்டு வையுங்கள். சாப்பாடும் பழந்துணியும் அதற்குள்ளேயே இருக்கட்டும். பூனை தானாகப் போய்த் தூங்கும் இடமாக அது மாறினால் பாதி வேலை முடிந்தது.

4. விலங்கில்லாமல் போய்ப் படகைப் பாருங்கள்

போனில் படம் பார்த்து முன்பணம் போட்ட இரண்டு குடும்பங்களும் ஏமாந்தன. படத்தில் கட்டில் தெரியும். கைப்பிடிச் சுவரின் கீழே இருக்கும் இடைவெளி தெரியாது. நமக்கு வேண்டிய தகவல் அந்த இடைவெளிதான்.

இந்தப் படகு வீடுகளுக்கு அடிப்படையான கெட்டுவள்ளம் என்பது ஆணி அடிக்காமல் ஆஞ்சிலி மரப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. ஒரு காலத்தில் நெல் ஏற்றிப் போனது. அதன் மேல் மூங்கிலும் பாயும் கொண்டு வீடு எழுப்பியிருக்கிறார்கள். முன்பக்கம் திறந்த கூடம், நடுவில் அறைகள், பின்பக்கம் சமையலறை. செட்டிநாட்டு வீடு போலவே நேர்கோட்டில் முன்வாசலிலிருந்து பின்வாசல் தெரியும். நாய் ஒரே ஓட்டத்தில் அடுப்படிக்குப் போய்விடும் என்று அர்த்தம்.

நேரில் பார்க்க வேண்டியவை இவை. முன்கூடத்தின் விளிம்பு எவ்வளவு உயரம்? நடு அறைகளுக்குக் கதவு சரியாகச் சாத்துகிறதா? அறைகளுக்கு வெளியே பக்கவாட்டில் போகும் ஓரநடை எத்தனை அகலம்? எஞ்சின் இருக்கும் இடத்துக்கு மூடி உண்டா? கழிவுநீர்த் தொட்டி வேலை செய்கிறதா? கரைக்கு இறங்கினால் நடக்க வரப்பு இருக்கிறதா, இல்லை இறங்கியதும் அடுத்தவர் வாசலா?

கேரள மாரிடைம் போர்டின் பதிவும், படகைச் சோதித்துத் தரும் சர்வே சான்றும் நடப்பில் உள்ளனவா என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு படகு பாருங்கள். விலங்குக்குச் சம்மதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரு முதலாளி போனில் "ஒரு பிரச்னையும் இல்லை" என்றார். வந்த பிறகு நாயைக் கண்டு முகம் மாறியவரும் அவரேதான்.

மாதக்கணக்கில் இருக்க, ஓடுகிற படகைவிடக் கட்டிக் கிடக்கிற படகே நல்லது. எஞ்சின் சத்தம் இல்லை, தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் சுழலியின் ஆபத்து இல்லை. விலங்குக்குத் தினமும் ஒரே கரை, ஒரே வாசனை. ஓடும் படகு எடுத்தாலும் சாயங்காலம் 5.30 மணிக்குக் கரையோரம் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மீனவர்கள் வலை விரிப்பார்கள்.

எந்த மாதம் என்றால் எதுவும் முழுக்க நல்ல மாதம் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெள்ளம். ஐப்பசியில் பிற்பகல் தவறாமல் இடி. உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை இறக்கி வைப்பது வழக்கம். அப்போது தண்ணீர் தேங்கி ஆகாயத்தாமரை மண்டும். ஷட்டர் திறந்து உப்பு ஏறினால்தான் அது சாகும். ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் தாங்காது. நான் பிப்ரவரியைச் சொல்வேன். செடி இருக்கும், ஆனால் இடி இருக்காது. செடிக்கு வலை கட்டலாம், இடிக்கு என்ன கட்டுவது?

5. ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியவை

பெரிய பட்டியல் வேண்டாம். அங்கே கிடைக்காதவையும், தேடி அலைய வேண்டியவையும் மட்டும்.

கல்சட்டி இரண்டு, ஒன்று குடிக்க, ஒன்று சாப்பிட. பிளாஸ்டிக் கிண்ணம் படகு ஆடும்போது நகரும், கல் நகராது. கோழி அடைக்கும் பிளாஸ்டிக் வலை முப்பது அடி, ஓட்டை இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. கட்டுவதற்கு பிளாஸ்டிக் டை ஒரு கட்டு. விலங்கு படுத்துப் பழகிய துவைக்காத பழைய போர்வை. வாசனைதான் அதற்கு வீடு. கழுத்துப்பட்டைக்கு ஒரு தகடு, அதில் தமிழ்ப் பெயருக்குப் பதிலாக உங்கள் கைப்பேசி எண்ணும் மலையாளத்தில் படகின் பெயரும். தொலைந்த நாயைக் கண்டெடுப்பவர் மலையாளம் படிப்பவராகத்தான் இருப்பார்.

மீன் வலையை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பூனையின் நகமும் காலும் அதில் சிக்கும். சிக்கிய பூனை இழுக்க இழுக்க இறுகும்.

6. பயணம்

காரைக்குடி வழியாக எர்ணாகுளம் போகும் ரயில் உண்டு. ஆனால் ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் கூபே என்னும் தனி அறை முழுவதும் நம்முடையதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் கூண்டுக்குள் தனியாக. பழகாத நாயை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கார்தான்.

திருப்பத்தூர், மேலூர், மதுரை, தேனி, கம்பம், குமுளி, பிறகு முண்டக்கயம், கோட்டயம், சங்கனாசேரி, ஆலப்புழை. நிறுத்தங்களோடு எட்டிலிருந்து பத்து மணி நேரம். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். அப்போதுதான் கம்பம் தாண்டும் வரை வெயில் ஏறாது. அதைவிட முக்கியம், படகுக்கு வெளிச்சத்தில் போய்ச் சேர வேண்டும். இருட்டில் பலகை ஏற்றாதீர்கள்.

முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு, பிறகு தண்ணீர் மட்டும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏற்றமும், குட்டிக்கானத்திலிருந்து இறக்கமும் வளைவுகள் நிறைந்தவை. காலையில் இட்லி கொடுத்தவர்கள் அந்த இட்லியை அங்கே திரும்பப் பார்த்தார்கள். வாந்திக்கு மாத்திரை வேண்டுமானால் டாக்டரிடம் வாங்கி, பயணத்துக்கு முன் ஒரு நாள் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். நம் கைப்பையில் இருப்பதைக் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

மாநில எல்லை தாண்டுவதால் ஊசிப் புத்தகமும், டாக்டர் கொடுத்த உடல்நலச் சான்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

7. விலங்கு ஏறும் முன் படகுக்கு அடைப்புக் கட்டுங்கள்

ஒருவர் விலங்கோடு காரில் இருக்க, இன்னொருவர் போய் இதை முடிக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. "நாய் கட்டித்தானே இருக்கு, நாளைக்குக் கட்டிக்கலாம்" என்று சொன்னவரின் நாய் அன்றைக்கே கட்டை அவிழ்த்துக்கொண்டது.

முன்கூடத்தின் மூன்று பக்கமும் தரையோடு ஒட்டி வலையைக் கட்டுங்கள். ஆணி அடிக்காதீர்கள், மூங்கில் பிளக்கும், முதலாளியோடு சண்டையும் வரும். ஓரநடையின் இரண்டு முனையையும் அடைத்துவிடுங்கள். அந்த வழியாகத்தான் பூனை பின்பக்கம் போகும்.

சமையலறைக்கும் எஞ்சினுக்கும் உள்ள கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். எஞ்சின் அடியில் டீசல் கலந்த தண்ணீர் தேங்கியிருக்கும். பூனை அதில் கால் வைத்துவிட்டு நக்கும்.

மூங்கில் கூரையைக் கட்டியிருப்பது கயிறு. பூனைக்கு இதைவிடப் பெரிய விருந்து இல்லை. எங்கள் பூனை நாலே நாளில் ஒரு கட்டைப் பிய்த்துவிட்டது. ஆலப்புழை கயிற்றுக்குப் பேர்போன ஊர், மலிவாகக் கிடைக்கும். ஒரு கட்டையில் கயிற்றைச் சுற்றிப் பூனைக்கென்று நிறுத்தி வையுங்கள். அதன் பிறகு கூரையைத் தொடவில்லை. அதாவது, பெரும்பாலும்.

8. முதல் மூன்று நாள்

படகு கட்டிக் கிடக்க வேண்டும், எஞ்சின் ஓடக் கூடாது. ஓடும் படகாக இருந்தாலும் முதல் நாள் முழுக்கக் கட்டியே போடச் சொல்லுங்கள், வாடகை போனாலும் பரவாயில்லை. விலங்கு ஒரே நேரத்தில் ஒரு புதிய விஷயத்தைத்தான் தாங்கும். ஆடும் தரை, சத்தம், நகரும் கரை மூன்றும் சேர்ந்து வந்தால் பயம் படகின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

நாயைக் கயிற்றோடு ஏற்றி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை மெதுவாக ஒரு சுற்று நடத்துங்கள். எல்லாவற்றையும் மோந்து பார்க்கட்டும். பிறகு அதன் போர்வையைப் போட்டுப் படுக்க வையுங்கள். மிதவைச் சட்டை உடம்பிலேயே இருக்கட்டும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தண்ணீர் மேல் ஆகாயத்தாமரை விரித்துக் கிடக்கும். அங்கே போளா என்பார்கள். கரையோரம் அது புல்தரை மாதிரியே இருக்கும். செம்மண்ணும் கருவேலமும் பார்த்து வளர்ந்த நாய்க்குப் பச்சை என்றால் தரை. எங்கள் நாய் தண்ணீரைப் பார்த்துப் பயந்து பின்வாங்கியது. இரண்டாம் நாள் அந்தப் பச்சையைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு காலெடுத்து வைத்தது. அடுத்த நொடி ஆளைக் காணோம். மேலே செடி மூடிக்கொண்டது. சட்டையின் கைப்பிடி மட்டும் தெரிந்தது, அதைப் பிடித்து இழுத்தேன். எனக்குத் தெரிந்து நாய் விழுந்தது எல்லாமே இப்படித்தான், வெறும் தண்ணீரில் ஒன்றும் விழவில்லை.

அதனால் முதல் நாளே, கயிற்றைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கம்பால் அந்தச் செடியை நாயின் கண்முன் அமுக்கிக் காட்டுங்கள். அடியில் தண்ணீர் தெரிய வேண்டும். பத்துத் தடவை காட்டுங்கள். கேலியாக இருக்கும். நாய்க்குப் புரிந்துவிடும்.

பூனையை மூன்று நாள் ஒரே அறையில் கூண்டோடு வையுங்கள். நாலாம் நாள் கூடத்துக்கு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வெளியில் விடுவதை இரண்டு வாரத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

9. நாய் கரைக்கு, பூனை தட்டுக்கு

நாய்க்கு நேரம்தான் சூத்திரம். விடிந்ததும், மாலை படகு கட்டியதும், படுக்கும் முன்னும் வரப்பில் இறக்குங்கள். ஓடும் படகில் பகல் முழுக்கக் கரை கிடைக்காது. அதற்காக ஒரு தட்டில் மண்ணோடு வெட்டிய புல்லைப் போட்டு, பின்பக்க மூலையில் வையுங்கள். முதல் தடவை நாயின் சொந்த வாசனை பட்ட துணியை அதில் தேய்த்தால் சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

வரப்பில் இறங்கும்போது கயிறு அவசியம். வயல்கள் கடல்மட்டத்துக்கும் கீழே இருப்பதால் வரப்பு ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் சேறு. அங்கத்திய நாய்கள் தங்கள் எல்லைக்குள் அன்னியரை விடாது. ஆயிரக்கணக்கில் வாத்து மேய்ப்பார்கள். உங்கள் நாய் ஒரு வாத்தைத் துரத்தினால் மொத்தக் கூட்டமும் கலையும். வாத்துக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார், விடவும் கூடாது.

பூனைத் தட்டுக்கு ஆற்று மணல் பாரம், கடையில் விற்கும் களிமண் ஈரத்தில் கூழாகும். தேங்காய் நார்த்தூள் போடுங்கள். மலிவு, உறிஞ்சும், நாற்றம் குறையும். கழிவைப் பையில் கட்டிக் கரைக் குப்பையில் சேருங்கள். தண்ணீரில் கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீரில்தான் பக்கத்து வீட்டுச் சேச்சி பாத்திரம் கழுவுகிறார்.

10. தண்ணீரும் சாப்பாடும்

சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. உப்பு, டீசல், எலிக்காய்ச்சல் மூன்றும் கலந்தது அது. நாயின் சட்டி காலியானால் அது விளிம்புக்குத்தான் போகும். அதனால் சட்டி ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. நமக்கு வாங்கும் கேன் தண்ணீரையே ஊற்றுங்கள்.

சமையல்காரரிடம் முதல் நாளே பேசுங்கள். பாசத்தில் கரிமீன் முள்ளும், கோழி எலும்பும், மசாலா சாறும் போட்டுவிடுவார்கள். வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. "பட்டிக்கு ஒன்னும் கொடுக்கல்லே" என்று சொல்லுங்கள். நம் காதுக்கு ஏற்கெனவே கொடுக்கவில்லை என்பது போலக் கேட்கும். அவர்களுக்கு அது கொடுக்காதே என்பது. பட்டி என்றால் அங்கே நாய். வேந்தன்பட்டி, நற்சாந்துபட்டி என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் படகுக்காரர்கள் சிரிப்பதற்குக் காரணம் அதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பச்சை வாத்துக்கறி பூனைக்கு வேண்டாம். குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் பல தடவை வந்திருக்கிறது. பூனைக்கும் அது தொற்றும். மிதந்து வரும் செத்த பறவை எதையும் நெருங்க விடாதீர்கள்.

11. விழுந்துவிட்டால்

விழாது என்று எண்ணி இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாம் நாளே ஒத்திகை பாருங்கள். நாயை வைத்து வேண்டாம், ஒரு காலி கேனைத் தூக்கிப் போட்டுப் பார்த்தால் போதும்.

முதலில் "நிறுத்து" என்று கத்த வேண்டும். படகோட்டும் ஸ்ராங்கு எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னோக்கி எடுக்கவே கூடாது, சுழலி விலங்கை உள்ளே இழுக்கும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பதற்றத்தில் எல்லோரும் பின்னால் எடுக்கத்தான் பார்ப்பார்கள்.

ஒருவர் விலங்கின் மேலிருந்து கண்ணெடுக்காமல் கை நீட்டிக் காட்டியபடி நிற்கட்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. செடிக்கு நடுவில் ஒரு தலையைத் தொலைத்தால் மறுபடி கண்டுபிடிப்பது கடினம்.

இன்னொருவர் படகின் நடுப்பகுதியிலிருந்து, சுழலியை விட்டுத் தள்ளி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாய் குரலை நோக்கி நீந்தி வரும். கைப்பிடியைப் பற்றித் தூக்குங்கள். எட்டவில்லை என்றால் படகு தள்ளும் மூங்கிற்கழியின் முனையில் ஒரு கொக்கி. நீங்கள் குதிக்காதீர்கள். அடியில் சேறு முழங்கால் வரை இழுக்கும், செடி காலைச் சுற்றும்.

பூனைக்கு வேறு ஏற்பாடு. அது கூப்பிட்டால் வராது, ஏற வழி தேடும். படகின் இரண்டு பக்கமும் கயிற்றுப் பாய் ஒன்றைத் தண்ணீருக்குள் ஒரு அடி மூழ்கும்படி தொங்கவிடுங்கள். நகத்தை மாட்டி ஏறிவிடும். ராத்திரி எல்லோரும் தூங்கும்போது விழுந்தாலும் இதுதான் காப்பாற்றும். எங்கள் பூனை ஒரு விடியற்காலை நனைந்து, கோபமாக என் தலையணைக்கு வந்து சேர்ந்தது. பாயில் நகத் தடம் இருந்தது.

தூக்கிய பிறகு நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் துடையுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு வேகமாக இருந்தாலோ அன்றைக்கே டாக்டர். 1962 என்ற எண் கால்நடை நடமாடும் மருத்துவச் சேவைக்கானது. ஆலப்புழை மாவட்டக் கால்நடை மருத்துவமனையின் எண்ணையும் வந்த முதல் நாளே கேட்டுக் குறித்து வையுங்கள்.

12. ஈரம்

நம் ஊர் வெயில் சுடும், ஆனால் காயவைக்கும். அங்கே எதுவும் காயாது. வறண்ட ஊர் நாய்க்கு முதலில் வருவது காதில் சீழும், தோலில் ஈரப்புண்ணும். தலையைச் சாய்த்து ஆட்டினாலே பாருங்கள். தினமும் மாலை உலர்ந்த துண்டால் வயிற்றடியும் காதும் துடையுங்கள். கழுத்துப்பட்டையை ராத்திரி மட்டும் கழற்றிக் காயவிடுங்கள், அறைக் கதவு சாத்திய பிறகு.

இடி மழையில் நாயை நடு அறைக்குக் கொண்டுபோய் ஃபேனை வேகமாக வையுங்கள். சத்தம் கொஞ்சம் மறையும்.

13. ஊர் திரும்பிய பிறகு

காரை விட்டு இறங்கியதும் முகப்பிலேயே நிறுத்தி, உண்ணி பாருங்கள். காது மடல், விரலிடுக்கு, வாலடி. வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துக்குள் விட்டபிறகு பார்த்தால் தூண் இடுக்கெல்லாம் ஏறிவிடும். அப்புறம் ஆச்சியிடம் பதில் சொல்ல முடியாது.

அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், வாந்தி, சோர்வு, மஞ்சள் பூத்த கண், சிறுநீர் நிறம் மாறுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள். இங்கே டாக்டருக்கு எலிக்காய்ச்சல் முதலில் நினைவுக்கு வராமல் போகலாம். நாய் குட்டநாட்டுத் தண்ணீரில் இருந்துவிட்டு வந்தது, இந்தத் தேதியில் திரும்பினோம் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் உங்கள் டாக்டரிடம் அதையே சொல்லுங்கள்.